ஓர் இடம், இரண்டு சீட்டு

ஜனவரியில் பூடோவுக்குப் பகல்
மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்து
கை நனைக்காமலே போய்விடும்.

அப்படி ஓர் இருட்டில், காலை ஏழே காலுக்கு,
மொஸ்கெனெஸ் போகும் கப்பலின் முன்னால்
இரண்டு வண்டிகள்.
ஒன்றில் மீன் பதப்படுத்த உப்பு.
மற்றொன்றில் தீவுக்குத் திரும்பும் ஒரு சவப்பெட்டி.
இரண்டு சீட்டிலும் முப்பத்துநான்காம் இடம்.

துறைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு
என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை.
"இதில் எது பொய்?" என்று மட்டும் கேட்டார்.
இரண்டும் மெய்.
அதுதான் பிழை.

லாரிக்கார ஓட்வார்
பக்கத்து வண்டியின் கண்ணாடி வழியே ஒருமுறை பார்த்தானாம்.
"உப்பு கெட்டா போய்விடும்" என்று சொல்லி
வண்டியைப் பின்னால் எடுத்தானாம்.

நான் பதிவேட்டைப் பிரித்தேன்.
வட்டில் தேடினால் தாமதமாகும் என்று
கப்பலின் எல்லா இடங்களையும்
நினைவகத்தில் நிறுத்தியிருந்தோம்.
முந்தைய இரவு, ஒரே மில்லிநொடியில்,
ஓட்வாரின் கோரிக்கை எட்டிப் பார்த்தது: மீதம் ஒன்று.
சவ வண்டி ஓட்டும் ரன்வைக்கின் கோரிக்கையும்
எட்டிப் பார்த்தது: மீதம் ஒன்று.
அவன் பூஜ்யம் எழுதினான்.
அதன் மேலேயே அவளும் பூஜ்யம் எழுதினாள்.
கணக்கு உதைக்கவில்லை.
பூஜ்யத்தின் மேல் பூஜ்யம் எழுதினால்
யார் கண்ணில் படும்?

பூட்டுப் போட்டேன்.
மொத்தத்துக்கும் ஒரே பூட்டு.
சாவி வைத்திருப்பவர் உள்ளே, மற்ற எல்லோரும் வெளியே;
இடம் இருக்கிறதா என்று
சும்மா பார்க்க வந்தவர்கள்கூட வெளியே.
ஈஸ்டர் சீட்டு திறந்த காலை
நாலாயிரம் பேர் ஒரு கதவின் முன்னால்.
பதினாறு மூளை உள்ள எந்திரத்தில்
பதினைந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தன.

பெரிய பூட்டை எடுத்துவிட்டு
பயணத்துக்கு ஒன்றாகச் சின்னப் பூட்டுகள் போட்டேன்.
பார்ப்பவர்கள் கும்பலாகப் பார்க்கட்டும்,
எழுதுபவர் தனியே எழுதட்டும்.
இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது.

மூன்றாம் நாள் எந்திரம் நின்றது.
சூடில்லை, சத்தமில்லை, பிழைச் செய்தியும் இல்லை.
போகும் கப்பலைப் பிடித்தவர்
திரும்பும் கப்பலுக்குக் காத்திருந்தார்.
திரும்பும் கப்பலைப் பிடித்தவர்
போகும் கப்பலுக்குக் காத்திருந்தார்.
பிடித்ததை விடத் தெரியாத,
அடுத்தவர் கையிலிருந்து பிடுங்கவும் தெரியாத
இரண்டு நல்லவர்கள்.
அவர்களுக்குப் பின்னால் ஊரே நின்றது.

'சிறிய எண்ணுள்ள பயணத்தை முதலில் பிடி,
யாராயிருந்தாலும்.'
ஒரு வரிதான்.
அந்த வரிக்கு மூன்று இரவும்
ஒரு டப்பா காப்பித்தூளும் செலவு.

பிப்ரவரிப் புயலில் மின்சாரம் போனது.
மின்சாரம் உள்ளவரைதான் அதற்கு நினைவு;
நினைவகம் என்று பெயர் வைத்தவர்களைச் சொல்லவேண்டும்.
நல்லவேளை, ஒரு பழக்கம் வைத்திருந்தோம்:
'கொடுத்தேன்' என்று வாய் திறக்கும் முன்
கொடுத்ததை வட்டில் எழுதிவிடுவது.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மொத்தத்தையும் படம் பிடிப்பது.
அதற்காக யாரையும் நிறுத்துவதில்லை.
அந்த நொடியின் நிழலைத் தனியே பிரித்து
அதைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்போம்;
சீட்டுகள் தம்பாட்டுக்கு விற்றுக்கொண்டிருக்கும்.

விளக்கு வந்ததும்
கடைசிப் படத்தை ஏற்றி, அதற்குப் பின்னால் எழுதியதை
வரி வரியாக மறுபடி நடக்கவிட்டேன்.
போன இரவு வாங்கியவர்கள் எல்லோரும்
அதே வரிசையில் வந்து மறுபடி வாங்கினார்கள்.
கடைசி வரி மட்டும் பாதியில் அறுந்திருந்தது.
'இடம் பன்னிரண்டு, பெயர் இங்வ்'

இங்வில்டா, இங்வாரா, இங்வால்டா.
முழுதாக எழுதாததைக் கொடுத்ததாகக் கொள்ளக் கூடாது.
விதி அது, எழுதியவள் நான்தான்.
அழித்தேன்.

விடியாத காலையில் துறைக்கு நடந்தேன்.
யாராவது வந்து கேட்டால் என்ன சொல்வதென்று
வழியெல்லாம் யோசித்தபடி.
ஒருவரும் வரவில்லை.
பன்னிரண்டாம் இடம்
காலியாகவே தீவுக்குப் போனது.